ஆர்வில் அடைத்த தோட்டா

அமெரிக்காவின் மொன்டானாவில் ஆர்வில் என்பவன் மான் வேட்டைக்கான தோட்டாக்களைத் தானே வெடிமருந்து அடைத்துச் செய்வான். அந்த ஆண்டு மருந்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டான். எந்த அளவில் அடைத்துச் சுட்டாலும் இலக்குத் தாளில் குண்டுகள் சிதறியே விழுந்தன.

"மருந்துலதான் ஏதோ கோளாறு," என்றான் எரிச்சலாக.

"தள்ளு, நான் சுட்டுப் பாக்கறேன்," என்று மனைவி டார்லா துப்பாக்கியை வாங்கினாள்.

அவன் கடைசியாக அடைத்ததில் மூன்றைச் சுட்டாள். தாளில் மூன்று துளைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்திருந்தன.

ஆர்வில் தாளைப் பார்த்தான். பிறகு, கொஞ்ச நாளாக நடுங்கும் தன் வலக்கையைப் பார்த்தான்.

"மருந்து நல்லாத்தான் இருக்கு, டார்லா."

"நாளைக்கு டாக்டரைப் பாக்கலாம். இந்த வருஷம் நீ அடை, நான் சுடறேன்."

"அப்ப சமையல்?"

"அதுவும் நீதான்."

ஆர்வில் சிரித்துவிட்டான். அதே அளவில் இன்னும் இருபது அடைத்துக் கொடுத்தான்.