அரணை தாங்கும் சூடு

அம்சவல்லிக்குக் குளிர்தான் ஜென்மப் பகை. தேயிலை மலையில் பிறந்து தேயிலை மலையிலேயே வாக்கப்பட்டவளுக்கு வேறு பகை எதற்கு? தோட்டத்து லைன் வீடுகளில் யாருக்கு என்ன நோவு வந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஜன்னலைச் சாத்து, கம்பளியைப் போர்த்து, வேர்க்க விடு.

அந்தக் குளிரை வீட்டுக்குள் கூட்டிவந்தவன் புருஷன் மகேன் என்பது அவள் கட்சி. கைக்குழந்தை அன்பரசியைக் கம்போங் ராஜா டவுனிலிருந்து தூறலில் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தான். அன்று மாலையே காய்ச்சல். மறுநாள் பிள்ளை இல்லை. "குளிர்ல கொண்டாந்து கொன்னுட்டாரு" என்று இரண்டு வருடமாகக் கண்டவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். மகேன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு லோரி ஓட்டப் போய்விடுவான். பேச வாய் இருந்தால்தானே என்பாள்.

எஸ்டேட் குமாஸ்தாவுக்கென்று கட்டிய பழைய கிராணி வீட்டில் ஷாரன் வந்து தங்கியபோது அம்சவல்லிக்கு அங்கே வேலை கிடைத்தது. தானா ராத்தா டவுனில் வளர்ந்த பெண் ஷாரன். பல்கலைக்கழகப் படிப்புக்காக அரணை பிடிக்க வந்திருந்தாள். மலையில் வருடா வருடம் சூடு ஏறுகிறதாம். விரல் நீள அரணை எவ்வளவு குளிர் தாங்கும், எவ்வளவு சூடு தாங்கும் என்று அளக்க வேண்டுமாம். இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று அம்சவல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதலில் குளிர். அரணையைப் பெட்டியில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரூட்டுவார்கள். அவ்வப்போது பிரஷ் காம்பால் அதை மல்லாக்கப் புரட்டிப் போடுவது அம்சவல்லியின் வேலை. திரும்பிப் புரள முடியாமல் அது கிடக்கும்போது ஷாரன் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். உடனே வெளியே எடுத்துவிடுவாள். செத்தே போய்விட்டது என்று அம்சவல்லி நினைப்பாள். அதுவோ சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து ஓடும். தன் பகையாளியான குளிர் இப்படித் தோற்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

அடுத்த வாரம் சூடு. பெட்டி காயக் காய அரணை வாயைப் பிளந்தது. விலா துடித்தது. புரட்டிப் போட்டதும் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"போதும்லா மிஸ், எடுத்துருங்க."

ஷாரன் அதை எடுத்து ஈரத்துணியில் கிடத்தினாள். "குளிர்ல விழுந்தா மெல்ல எழுந்திருச்சிரும்க்கா. சூட்டுல கொஞ்சம் தாண்டிட்டாலும் அவ்வளவுதான்."

"மனுசங்களுக்கும் அப்படியா மிஸ்?"

"பெரியவங்க எப்படியோ சமாளிச்சுக்குவாங்க. கைக்குழந்தைங்கதான் பாவம். காய்ச்சல்ல போட்டுப் போர்த்தி வச்சா, சூடு வெளிய போக வழியே இல்லல்ல."

பிள்ளை குளிரில் போனது என்றுதான் ஷாரனும் கேள்விப்பட்டிருந்தாள். பிரஷ் கீழே விழுந்த பிறகுதான் அவள் அம்சவல்லியின் முகத்தைப் பார்த்தாள்.

அன்று ராத்திரி இரண்டு ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, அதற்கு மேல் கம்பளி, காலடியில் வெந்நீர் போத்தல். அன்பரசியும் அப்படித்தான் வாயைத் திறந்து திறந்து மூடினாள். காலால் உதறி உதறித் தள்ளினாள். உதறிய கம்பளியை இழுத்து இழுத்துப் போர்த்தியது தன் கைதான் என்பது அம்சவல்லிக்கு நினைவிருந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மகேன் லோரியை நிறுத்திவிட்டு வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் அவன் பின்னால் போய் நின்றாள்.

"குளிரு இல்லைங்க. நான் போத்துன கம்பளிதாங்க."

மகேன் குழாயை மூடினான். திரும்பவில்லை.

"தெரியும். டாக்டர் அன்னிக்கே என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. பச்சப்புள்ளைய யாரு இப்படிப் போத்துனதுன்னு சத்தம் போட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான்தான்னு சொன்னேன்."