பூட்ஸ்காரியின் இடது கை

இடெல்லா க்ரௌஸின் முழங்கால்கள் தனித்தனியே புகார் சொல்லும் வயதுக்கு வந்துவிட்டன. ஆனாலும் பென்சில்வேனியாவின் அந்த மேய்ச்சல் வெளியில் பழம்பொருள் சந்தைக்காரன் விடிந்ததும் விடியாததுமாக நுழைவாசல் கயிற்றை அவிழ்த்தால், கூட்டத்துக்கு முன்னால் ஓடுவது அவள்தான். கையில் டார்ச், இடுப்பில் பை, கோட்டுக்குள் பூதக்கண்ணாடி. காபி, டோனட் எல்லாம் எட்டு மணிக்கு மேல். எட்டு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு மிஞ்சுவதும் அவைதான்.

இந்தச் சனிக்கிழமை அவள் ஓடியது பொருளாசையில் அல்ல. மானத்துக்காக.

அவள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி உயரத்தில் ஒரு மரப் பெண் நிற்கிறாள். நீலப் பாவாடை, உப்பிய கன்னம், எதிரே வருகிறவனை எடைபோடும் பார்வை. இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூட்ஸைப் பிடித்திருப்பாள். ஏதோ ஒரு காலத்தில், எழுத்துத் தெரியாதவனும் கடையைக் கண்டுபிடிக்கட்டும் என்று, செருப்புத் தைக்கிறவர் வாசலில் நிறுத்தி வைத்த பொம்மை. ஒன்பது வருஷத்துக்கு முன் டானர்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு தானியக் கொட்டிலில் அவள் தலைமேல் கோழி உட்கார்ந்திருந்தது. இடெல்லா கோழியை விரட்டிவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வயது நூற்றைம்பது என்று பார்த்த நொடியிலேயே சொன்னாள். சொன்னது அவளுடைய கண். கையில் சான்று ஏதும் இல்லை.

ராய்ஸ் பென்ஹாலோ வேறு மாதிரி சொன்னான். நகரத்தில் கடை வைத்திருக்கும் பெரிய வியாபாரி. அவன் வாய் திறந்தால் மற்றவர்கள் தங்கள் விலையை மாற்றிக்கொள்வார்கள்.

"நூத்தம்பது வருஷமா? எவனோ பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால செதுக்கி, டீத்தண்ணி ஊத்தி, மண்ணுல புதைச்சு எடுத்திருக்கான். செருப்புக் கடைக்குப் பொம்பள பொம்மைய எவன் வைப்பான்?"

இதை அவன் சொன்னது ஒரு விருந்தில், மாவட்ட அருங்காட்சியகத்தின் காப்பாளரம்மா காதுபட. விளைவு, அறுவடைக் காலக் கண்காட்சிக்கு இடெல்லாவின் சேவல் வடிவக் காற்றுத்திசைகாட்டியை எடுத்துக்கொண்டார்கள், ஒட்டுத்துணிப் போர்வையை எடுத்துக்கொண்டார்கள், பூட்ஸ்காரியை மட்டும் விட்டுவிட்டார்கள். "திங்கட்கிழமைக்குள்ள ஒரே ஒரு ஆதாரம் கொண்டாங்க, முன்வாசல்லயே நிறுத்துறேன்" என்று காப்பாளரம்மா இரக்கப்பட்டுச் சொன்னார். இடெல்லாவுக்கு அந்த இரக்கம்தான் அதிகமாகச் சுட்டது.

எனவே இன்று அவள் வண்டி வண்டியாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போனாள். டானர்ஸ்ஃபோர்டு பக்கம் வீடு காலி செய்த சாமான் யாரிடமாவது இருக்கிறதா? நாற்பதாவது வண்டியோ என்னவோ, ஆர்வில் கான்ட்ஸ் என்ற கிழட்டு விவசாயி தொப்பியைத் தூக்கினார்.

"இருக்கும்மா. எங்க பெரியப்பா வீட்டு மச்சுல கிடந்தது. எலி தின்னது போக மீதி."

மேசைமேல் ஒரு பெட்டி நிறையப் பழைய புகைப்படங்கள். கன்றுக்குட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் பாதிரியார். ஒரே ஏணியில் படிக்கு ஒருவராக எட்டு மீசைக்காரர்கள். பூசணிக்காய்க்குள்ளிருந்து தலை நீட்டும் ஒரு குழந்தை. வேறு நாளாக இருந்தால் இடெல்லா அங்கேயே கூடாரம் அடித்திருப்பாள். ஆனால் பெட்டிக்கு முன்னால் ராய்ஸ் நின்றான். அவன் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப்படம், நூற்றைம்பது வருஷத்துக்கு முன் காகிதத்துக்குப் பதில் தகரத் தகட்டில் பிடித்த வகைப் புகைப்படம். அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். படத்தில் ஒரு மரப் பெண், தலைக்கு மேல் தூக்கிய பூட்ஸோடு; இருபுறமும் சிறிதாக ஒவ்வோர் ஆள்.

இந்தச் சந்தையில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. பொருள் ஒருவர் கையில் இருக்கும்வரை இன்னொருவர் அதன் விலையைக் கேட்கக்கூடாது. ஒரு விரல் அதன்மேல் இருந்தாலும் கையில் இருப்பதாகவே கணக்கு. விரலை எடுத்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம், சண்டை கிடையாது. இதை மீறியவனுக்கு அந்த வயலில் ஒருவரும் பழைய ஆணிகூட விற்கமாட்டார்கள்.

எனவே இடெல்லா கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்து, விரிசல் விட்ட ஒரு கூஜாவை ஆசையோடு பார்க்கத் தொடங்கினாள்.

"இடெல்லா மேடமா! வாங்க வாங்க" என்றான் ராய்ஸ். "உங்க வீட்டுப் பொண்ணோட சொந்தக்காரி வந்திருக்கா, பாருங்க." படத்தை விடாமல் அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"அழகா இருக்கா" என்றாள் இடெல்லா.

"பெரியவரே, என்ன சொல்றீங்க இதுக்கு?" என்று ராய்ஸ் விவசாயியைக் கேட்டான்.

"நாப்பது டாலர்."

நாற்பதை அவன் எடுத்து நீட்டினால் கதை முடிந்தது. படம் அவனுடைய இரும்பு அலமாரிக்குள் போய்விடும். பூட்ஸ்காரி ஆயுளுக்கும் போலி என்ற பட்டத்தோடு கூடத்தில் நிற்பாள்.

ராய்ஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆமா, உன் பொம்மை எந்தக் கையைத் தூக்கியிருக்கு?"

"இடது."

"இவ வலது! நல்லாப் பாரு. பூட்ஸ் வலது கையில. இது வேற பொம்மை, தாயே. உன்னோடதச் செஞ்சவன் இந்த மாதிரி எதையோ பார்த்துக் காப்பியடிச்சிருக்கான். அதையும் ஒழுங்கா அடிக்கத் தெரியல, கைய மாத்திப்புட்டான்!"

இடெல்லா பார்த்தாள். வலது கைதான். ஒன்பது வருஷம் காலுக்கடியிலிருந்து நழுவியது போலிருந்தது. பிறகு பொம்மையைத் தாண்டி, பக்கத்தில் தோல் தைக்கும் ஊசியோடு நிற்கும் செருப்புக்காரரின் சட்டைமேல் அவள் கண் போயிற்று. பித்தான்கள் பெண்கள் சட்டையில் போடுகிற பக்கமாகப் போட்டிருந்தன. தாடி வைத்த ஆண்பிள்ளைக்கு ஏன் பெண்பிள்ளைப் பித்தான்?

தகரப்படம்!

காகிதப் படத்துக்கு முதலில் கண்ணாடித் தகட்டில் பிடித்து, அதிலிருந்து காகிதத்துக்கு மாற்றுவார்கள், திரும்பியது நேராகிவிடும். தகரப்படம் அப்படியல்ல. கேமராவுக்குள் இருந்த அதே தகடுதான் கைக்கு வருகிறது. முகக்கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகவும் வலம் இடமாகவும் நிற்கும். இந்தத் தொழிலில் முதல் வருஷமே எல்லோரும் படிக்கிற பாடம். ராய்ஸும் படித்தவன்தான். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் படித்தது எவனுக்கு ஞாபகம் இருக்கும்?

இடெல்லா முகத்தைத் தொங்கவிட்டாள். அதற்கு அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை. அரை நிமிஷம் முன்புவரை அது நிஜமாகவே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ராய்ஸ் விவசாயியிடம் திரும்பினான். "துருப்பிடிச்ச தகரத்துக்கு நாப்பதா? இருபத்தஞ்சு தர்றேன்."

"நாப்பதுதாங்க."

"அப்ப நீங்களே வெச்சுக்கோங்க" என்று படத்தை மேசைமேல் டொக்கென்று போட்டுவிட்டு முதுகைக் காட்டி இரண்டு எட்டு வைத்தான். பேரத்தில் நாளுக்குப் பத்து முறை அவன் ஆடுகிற ஆட்டம். விற்கிறவர் பின்னாலிருந்து "முப்பது" என்பார், அவன் திரும்புவான். பக்கத்தில் நின்றவளைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. தனக்கு எதிரான சாட்சியைத் தானே காசு கொடுத்து யாராவது வாங்குவார்களா?

மூன்றாவது எட்டுக்குள் இடெல்லாவின் கை படத்தின்மேல் இருந்தது.

"நாப்பது. எடுத்துக்கிட்டேன்."

விவசாயி பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ராய்ஸ் திரும்பினான்.

"அடப்பாவமே! உன்னை அவமானப்படுத்துற படத்த நீயே வாங்கிட்டியா? எரிக்கப் போறியா?"

"இங்க வா ராய்ஸ்" என்றாள். விவசாயியின் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பக்கக்கண்ணாடிக்கு முன் படத்தைப் பிடித்தாள். "இப்பப் பாரு."

கண்ணாடிக்குள் பித்தான்கள் ஆண்பிள்ளைப் பக்கத்துக்கு வந்துவிட்டன. பூட்ஸ்காரி இடது கையைத் தூக்கி நின்றாள்.

சுற்றிலும் ஏழெட்டு வியாபாரிகள் கூடிவிட்டார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க டோனட்டை வாயில் திணித்துக்கொண்டான்.

"தகரப்படம்" என்றான் ராய்ஸ், தனக்குத்தானே.

"தகரப்படம்" என்றாள் இடெல்லா. "இன்னும் இருக்கு." பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். பொம்மையின் இன்னொரு பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் உளி, மறு கையில் கொட்டாப்புளி. உடுப்பெல்லாம் மரச்சீவல். பொம்மையின் பாவாடை பாதிக்குமேல் இன்னும் செதுக்காத வெறும் மரம். "பொம்பள பொம்மைய எவன் வைப்பான்னு கேட்டியே. எவனும் வைக்கல. இவ வெச்சா."

ராய்ஸ் வெகுநேரம் குனிந்து பார்த்தான். கெட்ட வாய், ஆனால் நல்ல கண். அந்தக் கண் பொய் சொல்லாது. நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"ஆயிரம் தர்றேன்."

"வேணாம்."

"பொம்மையையும் சேர்த்து நீயே ஒரு விலை சொல்லு."

"சொல்றேன். ஃபோனை எடு. விருந்துல எந்தச் சத்தத்துல பேசினியோ, அதே சத்தத்துல காப்பாளரம்மாகிட்ட உண்மையச் சொல்லு. அதுதான் விலை."

கூட்டம் ஒரு அடி நெருங்கி வந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான், மறுபடி மாட்டினான். ஃபோனை எடுத்தான். "ராய்ஸ் பேசுறேன். அந்த பூட்ஸ் பொம்மை விஷயம். நிஜம்தான். இடெல்லா சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. ஆமாங்க, கையில ஆதாரம் இருக்கு, கண்ணால பார்த்துட்டேன்." பிறகு ஃபோனை அவளிடம் நீட்டினான். "கண்காட்சியில பொம்மைக்குப் பக்கத்துல வைக்கிற அட்டையில என்ன எழுதணும்னு கேக்குறாங்க."

இடெல்லா விவசாயியைப் பார்த்தாள். "பெரியவரே, படத்துல உளியோட நிக்கிற இந்தம்மா யாரு?"

"தெரியலம்மா. எங்க வீட்டு ஜனம்தான். எங்கப்பா மூக்கு அப்படியே இருக்கு."

"கேட்டீங்களா?" என்றாள் ஃபோனில். "ஒரு பெண் செதுக்கியதுன்னு முதல் வரியிலயே போடுங்க. பேருக்கு இடம் விட்டு வைங்க, நான் தேடிக் கொண்டாறேன். அடையாளம் கண்டவர் இடெல்லா க்ரௌஸ்னு அடியில போடுங்க. சின்ன எழுத்துல போட்டுடாதீங்க, எனக்குப் பார்வை மங்கலு."

ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை. "படத்த முதல்ல எடுத்தவன் நான். ஞாபகம் இருக்கட்டும்."

"எடுத்தவன் நீ, ராய்ஸ். பார்த்தவ நான்."

நல்ல பொருள் கிடைத்தால் துணியில் சுற்றிப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போவதுதான் அந்தச் சந்தை வழக்கம். இடெல்லா அன்று ஒளிக்கவில்லை. தகரப்படத்தை நெஞ்சோடு சேர்த்து, படம் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, வயலின் நடுப்பாதை வழியே, எதிரே வந்த ஒவ்வொருவரும் நின்று பார்க்கும் அளவுக்கு மெதுவாக நடந்தாள்.