சேம்பிள் பிள்ளை

எதிர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒரே மிளகாயை நாலு தரம் காயப் போட்டேன் என்று எதிர் வரிசை ரஞ்சிதா சொல்லித் திரிகிறாள். அங்கே நின்றால் குணசீலன் வீட்டு வாசல் முழுசாகத் தெரிகிறது என்றால் அதற்கு நானா பொறுப்பு?

குணசீலனுக்கு எட்டாயிரம் முட்டைக்கோழி, ஒரே ஒரு மகள். கொரோனா இரண்டாவது தடவை வந்து ஊரடங்கு போட்டிருந்த வைகாசி மாதம். ஐந்து வயசு மதுமதிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எதைக் கொடுத்தாலும் துப்புகிறாள். விடிந்ததிலிருந்து ஒண்ணுக்கும் போகவில்லை. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையை ஒரு பக்கம், தாயை ஒரு பக்கம் பிரித்துவிடுவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நானில்லை. கேட்டதை நாலு பேரிடம் சொன்னேன்.

கடைசியில் சேலம் அஸ்தம்பட்டியில் ஆலியா என்று ஒரு குழந்தை டாக்டர் வீடியோவிலேயே பார்க்கிறார் என்று, மதுமதியின் அம்மா தனப்பிரியா எங்கிருந்தோ நம்பர் பிடித்து விவரம் சொல்லிவைத்தாள். பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள்.

வீடியோவில் வைத்தியமா என்று தெருவே வாயைப் பிளந்தது. குணசீலன் மட்டும் அசரவில்லை. ஒரு வருஷமாக அவன் கோழி டாக்டரிடம் அப்படித்தான் காட்டுகிறான். ஒரு கோழியைத் தூக்கி, இறக்கையை விரித்து, கண்ணைக் காட்டி, திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுவான். அதைப் பார்த்து அவர் எட்டாயிரத்துக்கும் மருந்து சொல்லிவிடுவார். அந்த ஒரு கோழிக்குப் பெயர் சேம்பிள்.

ஆனால் மதுமதிக்கு வேறு கணக்கு. டாக்டர் போனில் வருகிறார் என்றால் ஊசியும் போனில்தானே வரும்? வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த முட்டை அட்டைகளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டாள். இழுக்கக் கையை உள்ளே விட்ட தனப்பிரியாவைக் கடித்துவிட்டாள்.

போன் அடித்தது. குணசீலன் இப்படியும் அப்படியும் பார்த்தான். பக்கத்து வீட்டு ரஞ்சிதாவின் மகன் மாதேஷ் வாசலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். அதே வயசு, அதே உயரம். குலதெய்வத்துக்கு முடி இறக்குவதாக வேண்டுதல். ஊரடங்கில் கோயிலைப் பூட்டிவிட்டதால் முடி இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. ரஞ்சிதா இரட்டைச் சடை போட்டு ரிப்பனும் கட்டியிருந்தாள்.

"என்ற பையன் எதுக்குங்கண்ணா?" என்றாள் ரஞ்சிதா, குணசீலன் அவனைக் கேட்டதும்.

"சேம்பிளுக்கு அம்மிணி. ரெண்டுக்கும் ஒரே வயசு, ஒரே தெருத் தண்ணி. பத்து நிமிசத்துல திருப்பிக் குடுத்தர்றேன்."

தெருவில் இத்தனை பிள்ளைகள் இருக்கத் தன் பிள்ளையை எடுத்தார்களே என்று ரஞ்சிதாவுக்குப் பெருமை. ஓடிப் போய்ப் பவுடர் எடுத்துவந்தாள்.

"மதுமதி அப்பாங்களா? பாப்பாவைக் காட்டுங்க" என்றார் டாக்டர். ஸ்பீக்கரில் போட்டதால் மாடி வரைக்கும் கேட்டது; படத்தில் கண்டதை ரஞ்சிதா அப்புறம் சொன்னாள்.

குணசீலன் மாதேஷை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஒரு கையை விரித்துக் காட்டினான். பிறகு பின்பக்கம் திருப்பினான்.

"சார், சார்! திருப்ப வேண்டாம், உட்கார வைங்க. மூணு நாளா சாப்பிடலைன்னீங்க. இப்ப என்ன மெல்லுறா?"

"முறுக்குங்க மேடம்."

"வாயைத் திற கண்ணு." திறந்தான். உள்ளே முறுக்குதான் தெரிந்தது.

"வீட்டுல வேற யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாம் நல்லாருக்குதுங்க. நேத்து மட்டும் ரெண்டு செத்துப்போச்சு."

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ரெண்டு பேரா!"

"எட்டாயிரத்துல ரெண்டு பெருசில்லைங்க மேடம்."

"கோழிங்க மேடம், கோழி!" என்று அட்டைகளுக்குப் பின்னாலிருந்து தனப்பிரியா கத்தினாள்.

டாக்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். "பாப்பா நல்லா சுறுசுறுப்பா இருக்கா. பயப்பட ஒண்ணுமில்லை. மதுமதி சமத்துப் பொண்ணு, ஊசியே வேண்டாம். போனை வெச்சிடறேன்."

குணசீலன் தெருவைப் பார்த்துச் சிரித்தான். தனப்பிரியா பாய்ந்து வந்தாள்.

"வெச்சராதீங்க மேடம்! இது என்ற பிள்ளையே இல்லைங்க!"

"அப்ப இது யாரு?"

"சேம்பிளுங்க" என்றான் குணசீலன்.

"ஏனுங்க, சேம்பிள் முறுக்குத் தின்னா உங்க மக ஒண்ணுக்குப் போயிருவாளா?" என்றாள் தனப்பிரியா. குணசீலன் மாதேஷைப் போனுக்கு முன்னாலிருந்து நகர்த்தினான்.

அப்போதுதான் அட்டை அடுக்கு சரிந்தது. தன் பெயரையும் சமத்துப் பட்டத்தையும் மாதேஷுக்குக் கொடுத்ததைப் பொறுக்க முடியாமல் மதுமதி தள்ளாடி வந்தாள்.

"அது என்ற காச்சல்! அவனுக்குப் பாக்காதீங்க!"

வந்தவள் போனுக்கு முன்னால் உட்கார்ந்து வாயைப் பிளந்தாள். பிளந்தபடியே அழுதாள். டாக்டர் முகத்தில் விளையாட்டில்லை.

"தொண்டை சிவந்திருக்கு. உதடு காய்ஞ்சிருக்கு. கண்ணீர் வருது, அது நல்லது. மெடிக்கல்ல உப்புச் சர்க்கரைப் பாக்கெட் வாங்கி, அதுல எழுதியிருக்கிற அளவுத் தண்ணியில கலந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் குடுங்க. நாலு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போகலைன்னா யாரையும் கேக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி. காய்ச்சல் மருந்துக்கு எடை எவ்வளவு?"

"தீவனத் தராசுல பதினாறு கிலோங்க. மருந்தைத் தொட்டித் தண்ணியில கலக்கறதுங்களா?"

"ஸ்பூன்ல சார். ஒரு குழந்தைக்கு."

பிறகு தெருவில் யாருக்கும் வேறு வேலை இல்லை. மதுமதி முதல் ஸ்பூனைத் துப்பினாள். இரண்டாவதையும், அதற்குப் பிறகு வந்ததையும் துப்பினாள். மூன்று மணிக்குக் குணசீலன் முட்டை வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எட்டாயிரத்துக்கும் கணக்குச் சொல்கிறவன் அவன். நான் காய்ந்த மிளகாயையே கிளறிக்கொண்டிருந்தேன்.

சட்டென்று இறங்கினான். "ரஞ்சிதா, சேம்பிளைக் கொண்டா!"

மாதேஷை மதுமதிக்கு எதிரில் உட்காரவைத்து, கையில் ஒரு தம்ளர் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்தான். "குடி சாமி."

மாதேஷுக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அரைத் தம்ளர் உள்ளே போனது.

"அது என்ற மருந்து!" மதுமதி பிடுங்கினாள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று தனப்பிரியா பிடுங்கி ஊட்ட, அவன் வாய்க்கு ஒன்று போனால் தன் வாய்க்கு ஒன்று வந்தாக வேண்டும் என்று இவள் வாயைத் திறந்துகொண்டே இருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு மாதேஷ் எழுந்து வேலியோரம் போனான். தெருவே மதுமதியைப் பார்த்தது. அவள் அவனை முறைத்தாள். அவன் மட்டும் போவதா? எழுந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள்.

"போயிட்டா!" என்று தனப்பிரியா உள்ளிருந்து கத்தினாள். கைதட்டிவிட்டார்கள். நான் தட்டியதில் மிளகாய் முறம் தெருவில் கொட்டியது.

சாயங்காலம் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு டாக்டர் போனில் செய்தி அனுப்பினார். குணசீலன் தினமும் கோழி டாக்டருக்கு எழுதிப் பழகிய விரலால் பதில் அடித்து, தெருவுக்கே காட்டிவிட்டு அனுப்பினான்:

"இறப்பு இல்லை. தீவனம் எடுக்கிறது. சேம்பிளும் நலம்."