பச்சையை அமுக்கியவள்

இயந்திரம் எடுக்கும் முடிவுக்கு ஒரு மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஊரே கைதட்டியது. அந்த மனிதராக உட்கார்ந்து பார்த்தால் அல்லவா தெரியும்!

குழந்தைகள் நல அலுவலகத்தில் நம் அக்காக்காரிக்கு அதுதான் உத்தியோகம். திரையில் வழக்கு வரும், அதன் கீழே இயந்திரத்தின் முடிவு வரும். பச்சையை அமுக்கினால் அடுத்த வழக்கு. சிவப்பை அமுக்கினால் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். போதாக்குறைக்கு மேலதிகாரி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். யாருக்கு வேண்டும் இந்த வம்பு?

அந்த அறையில் இன்னொருத்திதான் உண்டு. வேகத்தைப் பார்த்து எல்லோரும் அவளை மின்னல் என்பார்கள். வாயில் பிஸ்கட், விரல் பச்சையில். "படிச்சுக்கிட்டிருந்தா விடிஞ்சுடும்டி" என்பாள்.

மதியம் தங்கை போன் செய்தாள். உள்ளே போன் பேசக்கூடாது என்பதால் அக்காக்காரி வராந்தாவுக்கு ஓடினாள்.

"அக்கா, என் புள்ள வாலுவைத் தூக்கிட்டுப் போக ஆளுங்க வந்திருக்காங்க! நாம அவனைக் கொடுமைப்படுத்துறோமாம்!"

"யாருடி சொன்னது?"

"தெரு கேமரா. பேக்கரி வாசல்ல ஒரு பொம்பளை அவனைத் தரதரன்னு இழுக்குறாளாம், அவன் கதறுறானாம். அது நீதானேக்கா! லாரி வந்துச்சுன்னு இழுத்தியே!"

காலையில் அந்தப் படம் அக்காக்காரியின் திரைக்குத்தான் வந்தது. பாரபட்சம் கூடாதென்று பெயரை மறைத்து, முகங்களை அழித்துத்தான் அனுப்புவார்கள். லாரி படத்தில் இல்லை. இழுத்தவளின் தோளில் தொங்கிய பை தன்னுடையது என்றுகூட அவளுக்கு உறைக்கவில்லை. 'பாவி, இவளெல்லாம் ஒரு தாயா' என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பச்சையை அமுக்கியிருந்தாள்.

"அழாதே. போன்லயே மேல்முறையீடு போடு. லாரி வந்ததைச் சொல்லு. சீக்கிரம்!"

"போட்டுட்டேன்கா."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மேல்முறையீட்டையும் முதலில் இயந்திரம்தான் பார்க்கும். பிறகு ஒப்புதலுக்கு வேறொருவர் திரைக்கு அனுப்பும். இந்த அலுவலகத்தில் வேறொருவர் என்றால் மின்னல்தான்.

கதவுக்கு ஓடினாள். திறக்கும் அட்டை பையில் இருந்தது. பை உள்ளே நாற்காலியில் தொங்கியது. கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள்.

"மின்னல்! நிறுத்துடி! அமுக்காதே!"

மின்னல் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி தடிமனானது, ஒன்றும் கேட்கவில்லை போலும். என்ன என்று புருவத்தை உயர்த்தினாள், பிஸ்கட்டை மென்றபடியே. விரல் மட்டும் தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காதில் தங்கையின் குரல் உடைந்தது.

"அக்கா, பதில் வந்துடுச்சு. முடியாதாம். மனுஷர் ஒருத்தர் முழுசாப் படிச்சுப் பார்த்துத்தான் சொல்லியிருக்காராம்."