முதலாளியின் அழுக்கு

ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "பினாயிலம்மா எங்கே?" என்றால் போதும், காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை கீழ்த்தளத்தின் கோடி அறையைக் கை காட்டுவார்கள். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரிக்கோல், துணி எல்லாவற்றையும் நீராவி இயந்திரத்தில் போட்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்றுகூட மிஞ்சாமல் கொல்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் கொல்கிறாள். அதில் அவளுக்கு இருந்த கர்வம் சொல்லி மாளாது.

வீட்டிலும் அதே கதைதான். "உன் வீட்டுல ஒரு கொசு கூட பொழைக்காதும்மா" என்று அவளுடைய நாத்தனார் எப்போதோ ஒரு விருந்தில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அதிலிருந்து இருவருக்கும் பேச்சு அளவோடுதான். அப்பேர்ப்பட்ட நாத்தனார், மூட்டு ஆபரேஷன், அப்புறம் மகள் வீட்டில் ஆறு வாரம் படுக்கை என்று முடிவானதும், முதலாளியைக் கொண்டுவந்து இவளிடம் விட்டாள் என்றால் அது சின்ன விஷயமா?

முதலாளி என்பது ஒரு தங்கமீன். உள்ளங்கை நீளம், ஒன்பது வயசு. நாத்தனாரின் கணவர் ஆசை ஆசையாக வளர்த்தது. அவர் போய் மூன்று வருஷமாகிறது. காலையில் எழுந்ததும் அந்த வீட்டில் நாத்தனார் பேசுவதற்கு இருந்த ஒரே முகம் இந்த மீன்தான். "உன்னை நம்பித்தான் விடறேன்" என்றாள். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தை பினாயிலம்மாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

பழைய தொட்டி வண்டியில் வரும்போதே விரிசல் விட்டுவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கும் பினாயிலம்மாவின் கணவர் அன்றைக்கே புதுத் தொட்டி வாங்கிவந்து வைத்தார். பழையதிலிருந்து மிஞ்சியது கொஞ்சம் கூழாங்கல்லும், வடிகட்டிக்குள் இருந்த பஞ்சும்தான். பஞ்சைப் பார்த்தவளுக்குக் குமட்டியது. பழுப்பேறி, கொழகொழவென்று இருந்தது.

"ஐயய்யோ, இந்தச் சாக்கடையிலயா இத்தனை நாள் இருந்துச்சு!" என்றாள்.

சும்மா இருக்குமா அவள் கை? கல்லையும் பஞ்சையும் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். நீராவி இயந்திரத்தில் நூற்று இருபத்தோரு டிகிரியில் இருபது நிமிஷம் வேகவைத்தாள். ஒரு ராஜாவின் வயிற்றைக் கிழிக்கப் போகும் கத்திக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. திரும்பக் கொண்டுவந்து புதுத் தொட்டியில் போட்டாள். தண்ணீர் பளிங்காக இருந்தது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

நான்காம் நாள் காலை முதலாளி தண்ணீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தது. வால் ஓரத்தில் ரத்தக் கோடுகள். பினாயிலம்மா ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினாள்.

கடைக்காரி தண்ணீரைச் சின்னக் குழாயில் ஊற்றி, மருந்துச் சொட்டுகள் விட்டுக் குலுக்கினாள். தண்ணீர் கரும்பச்சையானது.

"அமோனியா. மீன் கழிக்கறது, மூச்சுல விடறது, மிச்சத் தீனி அழுகறது, எல்லாம் அதுதான். அது விட்டதுலயே அது வெந்துட்டிருக்கு. ஆமா, பழைய தொட்டிப் பஞ்சை என்ன பண்ணீங்க?"

பெருமையாகத்தான் சொன்னாள் பினாயிலம்மா. டிகிரி, நிமிஷம் ஒன்று விடவில்லை. கடைக்காரிக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"அடப்பாவமே! அந்த அழுக்குதாம்மா இத்தனை வருஷமா மீனைக் காப்பாத்திச்சு. அந்தக் கொழகொழப்பு முழுக்க கிருமிங்க. அமோனியாவைத் தின்னு தீர்க்கறதே அதுங்கதான். ஒண்ணு விடாம கொன்னுட்டீங்களே!"

"கிருமியா? காப்பாத்துமா?"

"ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்னு வேற ஒரு விஷமா மாத்தும். அதைத் தின்ன இன்னொரு கூட்டம் இருக்கு. ஷிஃப்ட் மாதிரி. ராத்திரி பகல் லீவே கிடையாது."

"உங்க கடைப் பஞ்சுல கொஞ்சம் பிச்சுக் குடுங்களேன்."

"நோய் மீனெல்லாம் வந்து போற இடம் இது. பஞ்சோட நோயும் வரும். வேணாம். இடம் குடுத்தா அதுங்களா வந்து குடியேறும். ஒரு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் தினமும் பாதித் தண்ணி மாத்துங்க, குளோரினை எடுக்கற சொட்டு கலந்து. தீனியைக் குறைங்க. பஞ்சைத் தொடாதீங்க. சத்தியமாத் தொடாதீங்க."

"அதுங்களா வருமா? எங்கேருந்து?"

"எங்கே இல்லை? தண்ணில, காத்துல, ஏன், உங்க கைலயே இருக்கலாம்."

பினாயிலம்மா வழியெல்லாம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கைகள்! இதிலா?

காலையில் வேலைக்குப் போகுமுன் பாதித் தண்ணீரை மாற்றினாள். மாலையில், கடையில் வாங்கிவந்த அதே மருந்துச் சொட்டைக் குழாயில் விட்டுப் பார்த்தாள். பச்சை. மறுநாள், அதற்கு மறுநாள், பத்தாம் நாள், எல்லாம் பச்சைதான். முதலாளி சில நாள் மேலே வந்து தவித்தது, சில நாள் அடியில் ஒடுங்கிக் கிடந்தது. இதற்கு நடுவில் நாத்தனாரின் போன். "எப்படி இருக்கார் எங்க முதலாளி?" "நல்லா இருக்கார் அண்ணி" என்று சொல்லிவிட்டு இவள் குளியலறைக்குள் போய் அழுவாள். கொலைகாரி என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வாள்.

மூன்றாம் வாரம் பஞ்சின் ஓரத்தில் லேசாகப் பழுப்பு தட்டியது. அவளுக்குக் கை பரபரத்தது. "தொட்டுடாதே தாயே, கும்பிடறேன்" என்றார் கணவர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அழுக்கு வளர வேண்டுமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

இருபத்தேழாம் நாள் மாலை, சோதிக்கவென்றே அன்று காலை தண்ணீர் மாற்றாமல் விட்டு, சொட்டு விட்டுக் குலுக்கினாள். ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். பச்சை வரவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சுத்தமான மஞ்சள்.

வேலையிடத்தில் வாரம் ஒரு நாள், உயிருள்ள கிருமி அடைத்த ஒரு குப்பியை அவள் இயந்திரத்துக்குள் வைப்பாள். வெந்த பிறகும் குப்பி ஊதாவாகவே இருந்தால் உள்ளே எல்லாம் செத்தது என்று அர்த்தம். மஞ்சளானால் ஏதோ பிழைத்துக் கிடக்கிறது, அன்றைய ஆபரேஷன் எல்லாம் நின்றுபோகும். மஞ்சளைக் கண்டு பயந்தே காலம் கழித்தவள், இப்போது அந்த மஞ்சள் குழாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. எங்கிருந்தோ கோடி கோடியாக வந்து, விஷத்தைத் தின்று, ஒரு மீனுக்குத் தண்ணீரைத் தண்ணீராக்கிக் கொடுத்திருக்கின்றன. இத்தனை வருஷம் நாம் பார்த்தது உலகத்தில் பாதிகூட இல்லையே என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பத்து நாளில் இரண்டாவது விஷமும் இல்லாமல் போனது.

ஆறு வாரம் முடிந்து நாத்தனார் மகள் வீட்டிலிருந்து நேராக, வாக்கரை ஊன்றிக்கொண்டு, துணிமணிப் பையோடு வந்து இறங்கினாள். முதலாளி கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நாத்தனார் முகம் மலர்ந்ததைப் பார்த்து, பேசாமல் இருந்துவிடலாமா என்று பினாயிலம்மாவுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. ஆனால் முடியவில்லை. பஞ்சை வேகவைத்ததிலிருந்து ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

நாத்தனார் வாக்கரை நகர்த்திக்கொண்டு தொட்டிக்கு அருகில் போனாள்.

"நீ கொன்னது, அவர் இருந்தப்பவே இருந்த கூட்டமா?"

"ஆமா அண்ணி. அவர் தொட்டி வெச்ச நாள்லேருந்து வந்த வம்சம்."

திட்டு விழும் என்று குனிந்து நின்றாள்.

"அவர் போனப்புறம் அந்த வீட்டுல நானும் இந்த மீனும் மட்டும்தான்னு மூணு வருஷமா அழுதிட்டிருந்தேன்" என்றாள் நாத்தனார். "கோடிப் பேரா கூட இருந்தாங்க?"

இருவரும் அந்தப் பழுப்புப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொட்டியை மறுபடியும் வண்டில ஏத்த பயமா இருக்கு. புதுக் கூட்டத்தை இங்கே விட்டுட்டு இவரை மட்டும் கூட்டிட்டுப் போனா?"

"மறுபடியும் தவிச்சுப்போவார் அண்ணி."

"அப்ப வேணாம்" என்றாள் நாத்தனார். "ஒண்டியா இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும்."

பினாயிலம்மா அவள் கொண்டுவந்த துணிமணிப் பையை எடுத்து உள்ளறையில் கொண்டுபோய் வைத்தாள்.