மனசுக்குள் பாடச் சொன்னார்கள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள். இந்தக் கதையைச் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும், எனக்குப் போட்டி வேண்டாம்.

தையல் ஆலையில் வேலை பார்க்கிற ஒருத்தி. மெஷின்கள் கடகடக்கும் கூடத்தில், அந்தக் கோடியில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் குரல் பெருத்துவிட்டது. வேலை முடிந்தால் ஊதும் சங்கு ஒருநாள் பழுதாக, இவளைக் கத்தச் சொன்னார்கள். அன்றிலிருந்து பேரே சங்கக்கா.

பாட்டென்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவள் போகிற சின்ன ஆலயத்தில் தகரக் கூரை அதிர்கிறதென்று போதகர் நயமாகச் சொல்லிவிட்டார். "நீங்க மனசுக்குள்ள பாடுங்கம்மா. ஆண்டவருக்கு அதுவும் கேக்கும்." பிறகு வாயை மட்டும் அசைப்பாள். ஆராதனை முடிந்து வந்தால் சோறு இறங்காது. ஒரு பாட்டை ஒரே ஒரு தரம் வாய்விட்டு முழுசாகப் பாடிவிட வேண்டும் என்று நெஞ்சு கிடந்து தவித்தது.

நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார்தான் அவளைப் பழைய பேராலயத்துக்குக் கூட்டிப் போனாள்.

"அங்கயும் மனசுக்குள்ளதான் அண்ணி. சத்தியம் பண்ணுங்க."

"உன் மேல சத்தியம்."

"என்னை விட்டுடுங்க. உங்க மெஷின் மேல பண்ணுங்க."

பண்ணினாள்.

உள்ளே போய் அவ்வளவு உயரக் கூரையை அண்ணாந்து பார்த்ததில் கழுத்தே சுளுக்கிக்கொண்டது. அவர்கள் ஆலயத்தில் விருந்தாளிகளைப் பீடத்துப் பக்கத்தில் உட்கார வைப்பது வழக்கம். "நாமளும் விருந்தாளிதானே" என்று, அங்கிருந்த சித்திர வேலைப்பாட்டு மர இருக்கையில் போய் ஜம்மென்று உட்கார்ந்தார்கள். மணி அடித்தது. வெள்ளை அங்கி போட்ட பாடகர் குழு வரிசையாக வந்து இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது.

"அண்ணி, இது அவங்க சீட்டு."

"எந்திரிச்சுப் போயிடலாமா?"

"எப்படி? அந்தப் பக்கம் மீசைக்காரரு மலை மாதிரி நிக்கிறாரு."

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையை வாயில் திணித்தாள், தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த கண்ணாடிக்காரம்மா, பாவம் அழுகிறாளென்று முதுகைத் தடவிக்கொடுத்தார். போதாதா? சங்கக்காவுக்கும் தொற்றிக்கொண்டது.

அப்போது ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியம் முழங்கியது. உட்கார்ந்த பலகை அதிர்ந்தது, பாதம் அதிர்ந்தது. அச்சாக ஆலைக் கூடம். தெரிந்த பாட்டு வேறு. கூடம் இரைந்தால் உயர்வது அந்தத் தொண்டைக்குப் பழகிய வேலை. சத்தியத்தை அது எங்கே கேட்டது? பாடிவிட்டாள். அந்த முழக்கத்தில் நாத்தனாருக்குக்கூடத் தெரியவில்லை.

கடைசிச் சரணத்தை அங்கே ஆர்கன் இல்லாமல் மெல்லப் பாடுவார்கள். இவளுக்கு எப்படித் தெரியும்? ஆர்கன் சட்டென்று நின்றது. சங்கக்கா நிற்கவில்லை.

குரல் கூரைவரை போய் ஒரு வட்டமடித்து, மெத்தென்று திரும்பி வந்தது. குழு வாயை மூடியது. எதிரே சபை வாயைப் பிளந்தது. தூக்கிய கையோடு நின்ற குழுத் தலைவரைக் கண்டதும் இவள் அடுத்த அடியை விழுங்கப் பார்த்தாள். போச்சு, இங்கேயும் மனசுக்குள்தான். ஆனால் அந்தக் கை மெதுவாக அவள் பக்கம் திரும்பி, 'ம், மேலே' என்று அசைந்தது.

முழுசாகப் பாடி முடித்தாள்.

வாசலில் தலைவர் ஓடி வந்தார். "எந்தக் குழுவுல பாடுறீங்கம்மா?"

நாத்தனார் முந்திக்கொண்டாள். "மனசுக்குள்ள பாடுற குழு சார். இன்னிக்குத்தான் கதவு திறந்துச்சு."

"சாயங்கால ஆராதனைக்கும் இருங்க. அதே சீட்டு."

அவர் போனதும் நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "சத்தியம் என்னாச்சு?"

"மெஷின் மேலதானே பண்ணேன். மக்கர் பண்ணா எண்ணெய் விட்டுக்கலாம்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாயங்கால மணி அடிக்கும்வரை இருவரும் சிரித்தார்கள்.

உங்கள் வீட்டுக் கூரையும் உயரமாக இருக்கட்டும் கண்ணுகளா. அதன் கீழே யாரும் மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டிருக்க வேண்டாம்.