செம்புப் பருந்தின் ஏழாம் பக்கம்

ரூபி கொண்டுவந்த புத்தகத்தை இஞ்ஞாசி உடனே தொடவில்லை. மேசையில் சிந்தியிருந்த தேத்தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தான். கைக்குட்டையை மடித்து வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஆறு அங்குல அடிக்கோலை எடுத்தான். அதன் பிறகே, பிரேதப் பரிசோதனைக்கு வந்த டாக்டர் மாதிரி, அட்டையை இரண்டு விரலால் தூக்கினான். டன்லப் தெருக் காப்பிக் கடையில் சனிக்கிழமை மாலைக் கூட்டம். பக்கத்து மேசையில் இரண்டு பேர் கால்பந்துக்காகக் கிட்டத்தட்டக் கைகலப்பில் இருந்தார்கள். ஒரு மாபெரும் ஆய்வு அருகிலேயே நடப்பதை இருவருமே கவனிக்கவில்லை.

புத்தகம், ‘செம்புப் பருந்து’ முதல் கதையின் மறுபதிப்பு. அசல் இதழ் அமெரிக்காவில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்தது. அதைச் சிங்கப்பூரில் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. இஞ்ஞாசி சேர்த்ததெல்லாம் மறுபதிப்புகள்: ஆஸ்திரேலியாவில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தது, இங்கிலாந்தின் கெட்டி அட்டை, ஹாங்காங்கிலிருந்து உள்ளங்கை அளவில் வந்த குட்டிப் பதிப்பு என்று மொத்தம் ஏழு. ஏழிலும் ஒரே கதை. ‘ஒரே கதைய எதுக்கு ஏழு தடவை வாங்குற?’ என்று கேட்பவர்களிடம், ‘ஒரே பூசைக்கு எதுக்கு வாராவாரம் போறீங்க?’ என்று கேட்டு வாயை அடைத்துவிடுவான்.

உண்மையான காரணம் வேறு. ஆறாம் பக்கத்தில் ஓர் ஆபீஸ் குமாஸ்தா மொட்டைமாடியில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். கடைசிக் கட்டத்தில் எழுந்து நிற்கிறான். அடுத்து வருவது ஒன்பதாம் பக்கம். அதில் அதே குமாஸ்தா செம்பு நிறச் சிறகோடு நகரத்துக்கு மேலே பறக்கிறான், ஒரு கிழவியைக்கூட அதற்குள் காப்பாற்றி முடித்திருக்கிறான். ஏழும் எட்டும் அடங்கிய தாள் ஏழு பதிப்பிலும் இல்லை. ரொட்டிக்கும் சிறகுக்கும் நடுவே என்னதான் நடந்தது? பன்னிரண்டு வயதில் பிடித்த இந்தக் கேள்வி, ஓ லெவல் பரீட்சையையும் நேஷனல் சர்வீஸ் என்ற கட்டாய ராணுவ சேவையையும் தாண்டி, இருபத்திரண்டு வயதில் பாலிடெக்னிக் வரைக்கும் அவனோடு கூடவே வந்திருந்தது.

தாள் இல்லாத இடத்தில், தையலை ஒட்டிக் கால் அங்குல அகலத்தில் ஒரு காகிதக் கீற்று மட்டும் நிற்கும். இஞ்ஞாசி அதற்கு ‘வால்’ என்று பெயர் வைத்தான். பாலிடெக்னிக் மாணவர் இதழில் நான்கு பக்கக் கட்டுரையும் எழுதினான்: அமெரிக்கத் தணிக்கைக்காரர்களின் ரகசிய உத்தரவால் உலகம் முழுவதும் அந்தத் தாள் நீக்கப்பட்டது, ஆகவே வால் உள்ளதே உண்மையான மறுபதிப்பு. அவனுடைய காமிக்ஸ் சங்கம் இதை ஏகமனதாக ஏற்றது. சங்கத்தில் அவனையும் சேர்த்து மூன்று பேர்.

ரூபி அந்த மூன்றாவது ஆள். தொலைபேசி நிலையத்தில் வேலை. புக்கிட் பாஞ்சாங்கில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து இந்தப் புத்தகத்தை வாங்கி வந்திருந்தாள்.

“ஏழாம் பக்கம் இருக்கு லா,” என்றாள். “எட்டும் இருக்கு. நான் இன்னும் படிக்கல. தலைவர் முதல்ல படிக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

இஞ்ஞாசி நடுவில் திறந்தான். தையலோரம் அடிக்கோலை வைத்தான். கண்ணைப் படங்களின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டு மூடினான்.

“வால் இல்ல. போலி.”

“பக்கம் முழுசா இருந்தா வால் எப்படி இருக்கும்?”

“அதான் சொல்றேன். போலி.”

“சரி, போலின்னே வச்சுக்குங்க. சும்மா படிச்சுப் பாருங்களேன்.”

“போலியப் படிச்சா மனசுல தங்கிடும் ரூபி. நாளைக்கு அசல் கிடைக்கும்போது குழம்பிடும்.”

ரூபி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் வேலையில் தினமும் முந்நூறு பேரின் கோபத்தை வாங்கிக்கொண்டு ‘தேங்க் யூ’ சொல்பவள். ஆனாலும் அன்றைக்கு அவள் காது சிவந்துவிட்டது. “வாங்க. மருதப்பன் அண்ணன்கிட்டயே காட்டுவோம். அவரு சொல்லட்டும், எது போலின்னு.”

மருதப்பன் பஃபலோ ரோட்டு முனையில், கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில், பத்திரிகைக் கடை வைத்திருந்தார். கயிற்றில் கிளிப் போட்டு வார இதழ்கள் தொங்கும்; கீழே வெற்றிலை, சிகரெட், ஊதுபத்தி. இஞ்ஞாசியின் ஏழு பதிப்பும் அவர் கை வழியாக வந்தவைதான். எந்தக் கப்பலில் எது வந்தாலும் அவனுக்கென்று தனியாக எடுத்து வைப்பார். ரூபி புத்தகத்தை நீட்டினாள். மருதப்பன் மூக்குக் கண்ணாடியை இறக்கி, அட்டையைப் பார்த்து, நடுவில் புரட்டினார்.

“வெளியில வாங்கினியாம்மா?” என்றார். “அதான் இப்படியே இருக்கு. குடு, ரெண்டு நிமிஷம். வெட்டித் தர்றேன்.”

வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலிருந்து சவர பிளேடை எடுத்துவிட்டார்.

ரூபி புத்தகத்தைப் பிடுங்கினாள். இஞ்ஞாசி இரண்டடி பின்வாங்கினான்.

“என்னண்ணே வெட்டுறீங்க?” என்று ரூபிதான் கேட்டாள்.

“அந்தத் தாளத்தான். இந்தப் பருந்துக் கதை எப்ப வந்தாலும் வெட்டிட்டுத்தான் தொங்க விடுவேன். பத்து வருஷமா. ஒட்ட வெட்டுனா அந்தப் பக்கத்துத் தாளும் கழண்டுடும், அதான் கால் இஞ்சு விட்டு வெட்டுறது.” தொழில் நேர்த்தியைக் கவனித்தாயா என்பதுபோல இஞ்ஞாசியைப் பார்த்தார். “ஏன் தம்பி, உனக்குத் தெரியாதா? உங்க அம்மாதானே சொன்னாங்க.”

“எங்க அம்மாவா?”

“பிரிஜட் அம்மா. கோயில் முடிஞ்சு நேரா இங்க வந்தாங்க. தொங்குனத எடுத்துப் புரட்டினாங்க. இந்தப் பக்கம் என் பையன் கையில படக் கூடாது மருதப்பான்னாங்க. படாதும்மான்னேன். அப்புறம் அவங்க நிறுத்தச் சொல்லல. நானும் நிறுத்தல.”

“வெட்டுன தாளெல்லாம்?”

“ஊதுபத்தி மடிச்சுக் குடுத்தேன்.”

ரூபி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இஞ்ஞாசிக்கு அமெரிக்கத் தணிக்கைக்காரர்கள் தங்கள் ரகசிய அறையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வெளியே போவது போலிருந்தது. கடைசியில் அந்த அறையில் கைப்பையோடு அவன் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். சிரித்து முடித்த ரூபி புத்தகத்தை அவன் கையில் வைத்தாள். “போலிதான். பரவால்ல. திங்கக்கிழமை திருப்பிக் குடுங்க தலைவரே.”

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை புத்தகத்தில். திறக்க மூன்றாவது கை இல்லை. இருந்தாலும் திறந்திருப்பானா என்பது அவனுக்கே சந்தேகம். ஒரு கேள்வியோடு கிளம்பியவனுக்கு இப்போது இரண்டு. இரண்டாவதுதான் அதிகமாகக் குடைந்தது: அம்மா அப்படி எதைப் பார்த்தாள்? முத்தமா? அதற்கு மேலேயா? ஒரு குமாஸ்தா, ரொட்டி, மொட்டைமாடி. இவற்றை வைத்து எவ்வளவு பெரிய பாவம் செய்துவிட முடியும்?

தோ பாயோவில், பன்னிரண்டாவது மாடியில், பிரிஜட் பயத்தம்பருப்பு கழுவிக்கொண்டிருந்தாள். அவன் மேசைமேல் வைத்த அட்டையைப் பார்த்ததும் அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

“மருதப்பன் சொல்லிட்டானா?”

“என்னம்மா இருந்துச்சு அதுல?”

“ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கட்டம் கட்டமா போட்டிருந்தான்யா. மாடி அறைச் சன்னல் திரையக் கழட்டுறான். தோள்ல எப்படி முடிச்சுப் போடணும்னு தனியா ஒரு படம். நாலாவதுல கைப்பிடிச் சுவத்து மேல ஏறி நிக்கிறான்.” அவள் அவனைப் பார்க்காமல் பருப்பைப் பார்த்தே சொன்னாள். “நாம அந்தக் கீத்துக் கூரை அத்தாப்பு வீட்ட விட்டு இங்க வந்து அப்ப எட்டு நாளுதான். நீ பெட்ஷீட்டக் கழுத்துல கட்டிக்கிட்டு வராந்தா பூரா ஓடிக்கிட்டிருந்த.”

“எனக்கு அப்பப் பன்னெண்டு வயசும்மா.”

“மாடியும் பன்னெண்டு.”

“ஆர்மில கயித்துல தொங்கி அஞ்சு மாடி இறங்கியிருக்கேன், தெரியுமா?”

“அது கவர்மெண்ட் கயிறு. இது சன்னல் துணி.”

 வீட்டுக்குள் வெளிச்சம் மங்கியிருந்ததால் இஞ்ஞாசி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ஏழாம் பக்கத்தைத் திறந்தான். அம்மா சொன்னது அத்தனையும் இருந்தது: திரை, முடிச்சு, சுவர். ஐந்தாவது கட்டத்தில் காலணி நுனியும் அதற்குக் கீழே எறும்பு மாதிரி கார்களும். ஆறாவதில் வெறும் சுவர். அவ்வளவுதான். பத்து வருஷமாகத் தேடிய பக்கத்தில், குமாஸ்தா எதற்காகக் குதித்தான் என்று ஒரு வார்த்தை இல்லை.

பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது.

“இஞ்ஞாசி,” என்றாள் பிரிஜட். “அவன் பொழச்சானா?”

அவன் திரும்பினான்.

“அந்தப் பக்கத்தோட மூடிட்டேன்யா. திருப்பிப் பாக்க மனசு வரல. அவனுக்கு ஒரு மெழுகுவத்திகூட ஏத்தினேன். எந்த ஊருக்காரனோ.”

“பொழச்சான்மா. ஒம்பதாம் பக்கத்துல பறக்குறான்.”

“ஒம்பது சரி. எட்டுல?”

“எனக்கும் தெரியாது.”

கீழே யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். பன்னிரண்டு மாடி ஏறி வருவதற்குள் சத்தம் மெலிந்திருந்தது. இஞ்ஞாசி தாளின் மூலைக்கு அடியில் விரல் நகத்தைக் கொடுத்தான். காற்றில் தாள் லேசாகத் தானே எழும்பியது. முதுகில் திடீரென்று குளிர்ந்தது: பருப்புத் தண்ணீர் சொட்டும் கையால் பிரிஜட் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

“ம்,” என்றாள். “திருப்பு.”